வியாழக்கிழமைத் தாள்

ஜனவரி 12

அன்புள்ள ஸ்க்ரூ தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் எம்பிராய்டரி மெஷினும் நலம். யாருடைய முட்டி அதிகம் கிறீச்சிடுகிறது என்பதில்தான் எங்களுக்குள் போட்டி. அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலையில் இன்னும் எத்தனை முடி மிச்சம் என்று எழுது.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துப் பிழை கண்ணை உறுத்தினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படி. போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. உன் அண்ணன் போன இந்த ஏழு மாதமாக உன் போன் எனக்கு மட்டும் ஊமையாகிவிட்டது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டவன் நீ. அப்போது வைத்த பெயர்தான் ஸ்க்ரூ. இன்றைக்கு ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் கழற்றிச் சம்பளம் வாங்குகிறாய். இந்த ஒன்றையும் பார்.

கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு வட்டத்துக்குள் உன் அண்ணன் படம் சிரிக்கிறது. பக்கத்து வட்டத்தில் ‘கடை’ என்று எனக்கு ஒரு பெயர். நான் ‘கடை’யை அழுத்துவேன். உடனே ஒரு நீலப் பலகை வந்து, இந்த விண்டோஸுக்கு இனிமேல் ஆதரவு கிடையாது என்கிறது. எனக்கும்தான் கிடையாது, நான் என்ன பலகை மாட்டிக்கொண்டா திரிகிறேன் என்று சொல்லி மூடிவிடுவேன்.

ஆனால் போன வாரம், துண்டுகளில் பெயர் போடக் கொடுக்கிறாரே ஓட்டல் மேனேஜர், அவர் வந்து நின்றார். டிசைனைக் காட்ட நான் கொண்டுபோன பென் டிரைவில் வைரஸ் இருந்ததாம்.

"உங்க கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லம்மா. ஜூன் முடியறதுக்குள்ள மாத்திடுங்க. இல்லேன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லி மேல உத்தரவு."

"கம்ப்யூட்டருக்குத்தானே சார் காய்ச்சல்? துண்டு தும்மாதே!"

சிரித்தார். உத்தரவு மட்டும் மாறவில்லை. தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர், இந்தப் பெட்டியில் புது விண்டோஸ் ஏறாது, லினக்ஸ் போடுங்கள் என்கிறார். லினக்ஸ் என்றால் என்ன, தொண்டைக் கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்கிற மாத்திரையா? மாற்றலாமா, வேண்டாமா? ஓட்டல் கைவிட்டால் கடையில் பாதி போச்சு. எனக்கு விளங்கும்படி எழுது.

இன்னொன்று. பிரிண்டருக்குக் கலர் மை, நாலு நிறமும் வாங்கி அனுப்பு. அந்தப் பழைய மாடலுக்கு இங்கே கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் பிறகு. மையை முதலில் அனுப்பு.

உன் காதைத் திருகக் கை எட்டாத தூரத்தில்,
அண்ணி


ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்தது. உங்கள் முட்டிக்கும் மெஷினுக்கும் என் விசாரிப்பு. முடியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

போன் எடுக்காததற்குக் காரணம் வேலைதான். தவிர, கம்ப்யூட்டர் விஷயத்தைப் போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே கேலி பண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். எழுதி அனுப்பினால் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

மேனேஜர் சொன்னது சரி. விண்டோஸ் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பூட்டைப் பழுது பார்க்க வந்துகொண்டிருந்த ஆள் இனி வரமாட்டார். லினக்ஸ் வேறு வீடு. வாடகை கிடையாது, பழைய பெட்டியிலும் ஓடும். எம்பிராய்டரி டிசைன் போட அதில் இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் மெஷினுக்குப் புரிகிற கோப்பை அதுவும் எழுதும்.

இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். செருகிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறங்கள். ‘நிறுவாமல் முயன்று பார்’ என்பதை அழுத்தினால் பழையது எதுவும் கெடாமல் சுற்றிப் பார்க்கலாம். பிடித்தால் ‘நிறுவு’. ஆனால் நிறுவினால் பழைய விண்டோஸ் அடியோடு அழியும். டிசைன்களை முன்னதாகவே வேறு பென் டிரைவில் எடுத்துவையுங்கள்.

மை தனியாக வருகிறது. பில் எல்லாம் கறுப்பில்தானே போடுகிறீர்கள்? கலர் மை எதற்கு?

சந்தேகம் இருந்தால் எழுதுங்கள். வியாழக்கிழமை தவிர எல்லா நாளும் பட்டறையில்தான் இருப்பேன்.

நான் நல்லாத்தான் இருக்கேன், கவலைப்படாதீர்கள்.

ஸ்க்ரூ


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டியாயிற்று. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு உனக்கு முடி இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். நான் நலம். பல் ஒன்று ஆடுகிறது, அதுவும் சந்தோஷத்தில்தான்.

பென் டிரைவைச் செருகினேன். திரையில் ஒரு கொழுத்த பறவை, பென்குயினாம், வந்து நின்றது, கல்யாணத்துக்கு உன் அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது போலவே. மூச்சுவிட முடியாமல், ஆனால் கம்பீரமாக. சீட்டு விளையாடினேன், தோற்றேன். டிசைன் மென்பொருளில் ஒரு ரோஜா போட்டுப் பார்த்தேன், முட்டைக்கோஸாக வந்தது. பழகிவிடும். பொய் சொல்லக் கூடாது, நல்ல வீடுதான். வெளிச்சமாக இருக்கிறது.

ஆனாலும் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழைய வீட்டுக்கே வந்துவிட்டேன். டிசைன் எல்லாம் எடுத்துவைக்க வேண்டும், மேனேஜர் ஜூன் வரை நேரம் கொடுத்திருக்கிறார், இப்போது என்ன அவசரம்? மேலும் சீசன் நேரம், பள்ளிக்கூட பேட்ஜ் முந்நூறு இருக்கிறது.

கலர் மை நூல் நிறத்தை வாடிக்கையாளருக்குத் தாளில் காட்டத்தான். நூல் என்றதும் ஞாபகம் வருகிறது. அலமாரி நிறைய ஊதா நூல் கிடக்கிறது, இருபத்து மூன்று கோன். உன் அண்ணன் வியாழன்தோறும் நூல் வாங்கப் போவாரே, போனால் ஊதாவோடுதான் வருவார். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஊதா பேட்ஜ்? "யாருக்கு இத்தனை? சின்ன வீட்டுக்கா?" என்று கேட்டால், "ஆமா, அவளுக்கு ஊதான்னா உசிரு" என்பார். அவளுக்கு வேண்டுமானால் வந்து எடுத்துப்போகச் சொல், அலமாரியில் இடமில்லை.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போகக் கூடாதா? காரியத்துக்கு வந்து ஒரே நாளில் ஓடினவன்.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். உங்கள் பல் எப்படி இருக்கிறது?

கம்ப்யூட்டர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டலை இழந்துவிடாதீர்கள். ‘நிறுவு’ அழுத்தியதும் ஒரு பக்கம் வரும். அதில் ‘வட்டு முழுவதையும் அழி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அரைகுறையாக இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அங்கே ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். ஒரே அழுத்து, முடிந்தது.

இப்போது லீவு கிடைக்காது.

நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஸ்க்ரூ


மார்ச் 30

தம்பி,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். இந்தத் தடவை நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மை நூல் நிறம் காட்ட இல்லை. நான் சொன்னது பொய்.

ஒவ்வொரு வியாழனும் மாலை நாலு மணிக்கு நம் கடைப் பிரிண்டர் தானாக முழித்துக்கொள்ளும். யாரும் எதையும் அழுத்த மாட்டார்கள். உள்ளே ஏதோ உருளும், தாளை இழுக்கும், ஒரு தாளைத் துப்பும். தாளில் நாலு பட்டை, கறுப்பு, நீலம், ரோஸ், மஞ்சள். அடியில் ஒரு வரி: ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’.

ஒன்றே கால் வருஷமாக வருகிறது. முதல் தடவை வந்தபோது பயந்துபோய் உன் அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நூலோடு திரும்பி வந்தவர் சிரித்தார். "வாரம் ஒரு தடவை ஓட்டலேன்னா மை காஞ்சு போயிடும்டி. அதான் தானா ஓடற மாதிரி வெச்சிருக்கு. பிரிண்டர் தன் உடம்பப் பத்திச் சொல்லுது." அன்றிலிருந்து வியாழன் நாலு மணி எனக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. தாள் வந்ததும், "சரிடா ராசா, நல்லாயிரு" என்று பிரிண்டர் தலையில் தட்டுவேன்.

கடைசி இருபது நாள் அவர் படுத்துக்கிடந்தபோதுதான் அவருக்கு என்ன வியாதி என்றே எனக்குத் தெரிந்தது. அது உனக்கும் தெரியும். போன பிறகு வந்த முதல் வியாழன், வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் கடைப்பக்கம் தண்ணீர் எடுக்கப் போனேன். நாலு மணி. உருண்டது, இழுத்தது, துப்பியது. நான் நல்லாத்தான் இருக்கேன்.

சொம்பு கையிலேயே இருந்தது. தண்ணீர் எடுக்காமலேயே திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. எல்லாத் தாளையும் ஊசி டிராயரில் வைத்திருக்கிறேன். போன வாரம் பேட்ஜ் வாங்க வந்த பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாள் வந்து மடியில் விழுந்தது. படித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா எழுதினது?" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். "எங்க இருக்கார்?" "வெளியூர்ல." அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியும் தம்பி. காரியத்துக்கு வந்திருந்தவர். பையை எடுத்துக்கொண்டு பேட்ஜை எண்ணாமலேயே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்குப் பைத்தியம் இல்லை. கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது என்று தெரியும். ஆனால் ‘அழி’ என்கிற பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனால் விரல் இறங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். லினக்ஸ் போட்டால் வியாழன் தாள் வருமா, வராதா?

உடம்பைப் பார்த்துக்கொள். நீ உன் உடம்பைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுவதே இல்லை.

அண்ணி


மே 4

தம்பிக்கு,

நலமா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. கேள்வி அவ்வளவு கஷ்டமா? என் அஞ்சாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்கூட இதற்குள் அடித்தாவது சொல்லிக்கொடுத்திருப்பார்.

ஏப்ரலில் ஒரு வியாழன் மூன்றரைக்கே கரண்ட் போய்விட்டது. நாலு மணிக்குக் கடை அமைதியாக இருந்தது. நாலரை, ஐந்து. ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவரை எதிர்பார்ப்பது போல வாசலுக்கும் பிரிண்டருக்கும் நடந்தேன். ஆறு பத்துக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரையில் அவர் படம் வருவதற்குள் பிரிண்டர் உருள ஆரம்பித்துவிட்டது. தாமதமானாலும் வந்துவிட்டார்.

"எங்க போயிருந்தீங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வாசலில் துண்டு மூட்டையோடு ஓட்டல் வண்டிக்காரர் நின்றிருந்தார். அவரைக் கேட்டதாக நினைத்து, "டயர் பஞ்சர்க்கா" என்றார்.

பதில் போடு. அனுப்பிய மையை ஊற்றியும் ரோஸ் பட்டை மங்கிக்கொண்டே வருகிறது.

அண்ணி


மே 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: வராது. நானாக மறுபடியும் வைத்தால் வரும். வைக்க மாட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அண்ணன் வியாழக்கிழமை நூல் வாங்கப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார். மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை நாற்காலியில் உட்கார வைத்து மருந்து ஏற்றுவார்கள். எங்கள் அப்பாவுக்கு வந்த அதே வியாதி. எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். "அவ சிரிச்சுக்கிட்டு இருக்கா, கெடுத்துடாதடா" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வார்டில் போனை அணைத்துவிட வேண்டும். அண்ணன் வெளியே போயிருந்தால் நாலு மணிக்கு டீ குடிக்கும்போது நீங்கள் அவருக்குப் போன் செய்வது வழக்கம் அல்லவா? எடுக்காவிட்டால் பயப்படுவீர்கள். "நாலு மணிக்கு நான் இருக்கற மாதிரி ஏதாவது பண்ணித் தாடா, அவ போன் பண்றத மறக்கணும்" என்றார். நான் இங்கிருந்தே கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பிரிண்டரை அப்படி வைத்தேன். மை காய்ந்துவிடும் என்பது சாக்கு. அடியில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நீயே ஏதாவது போடு" என்றார்.

அந்த வரி அண்ணன் எழுதியது இல்லை. நான் எழுதியது.

ஊதா நூலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சின்னக் கடை. அங்கே ஊதா மட்டும்தான் வைத்திருந்தான். கையில் நூல் இல்லாமல் எப்படி வீட்டுக்கு வருவார்?

அதனால்தான் பார்க்காமல் அழியுங்கள் என்றேன். வாராவாரம் உங்கள் முன்னால் வந்து நிற்பது அண்ணன் இல்லை, என் பொய். மன்னித்துவிடுங்கள். மன்னிக்காவிட்டாலும் லினக்ஸ் போட்டுவிடுங்கள். ஜூன் நெருங்குகிறது.

நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஸ்க்ரூ


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வாரமாகிறது. கோபம் நியாயம்தான். ஓட்டல் என்ன ஆயிற்று என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள், கேலி பண்ணியாவது எழுதுங்கள்.

நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஸ்க்ரூ


ஜூலை 13

என் ஸ்க்ரூ தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. மெஷின் நலம்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஊதா நூலை எல்லாம் வெளியே எடுத்துத் தரையில் அடுக்கினேன். இருபத்து மூன்று. ஒவ்வொரு கோனும் ஒரு வியாழன். எத்தனை கேலி செய்திருக்கிறேன் தம்பி! மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மனுஷனிடம் சின்ன வீடு சௌக்கியமா என்று கேட்டிருக்கிறேன். அவரும் கூடச் சிரித்தார். அதைத்தான் நாலு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபம் இரண்டு நாள்தான் இருந்தது.

மேனேஜரிடம் ஒரு வாரம் கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு, போன திங்கட்கிழமை நிறுவிவிட்டேன். டிசைன் எல்லாம் பத்திரம். ‘அழிக்கட்டுமா, நிச்சயமா?’ என்று கேட்டது. அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை பழையதைத் திறந்து வட்டத்துக்குள் இருந்த படத்தைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றேன். பிறகு அழுத்தினேன். இருபது நிமிஷம். கொழுத்த பறவை வந்து நின்றது. மேனேஜர் பார்த்துத் திருப்திப்பட்டார். கடை பிழைத்தது.

வியாழன் வந்தது. நாலு மணி. பிரிண்டரில் தாள் வைத்துவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வராது என்று தெரியும், ஆனாலும் உட்கார்ந்தேன். ஒன்றும் உருளவில்லை. நாலே கால். இவ்வளவு அமைதியான கடையை நான் பார்த்ததே இல்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

சுவரில் உன் கடிதங்கள், பார்த்துப் பார்த்துச் செய்ய நான் ஒட்டி வைத்தவை. நாலு கடிதம், பக்கத்துப் பக்கத்தில். நாலு தாளின் அடியிலும் ஒரே வரி.

பிரிண்டர் வாயை மூடியதும் சுவர் பேச ஆரம்பித்துவிட்டது தம்பி. கிட்டப் போய்ப் படித்தேன். ஒவ்வொரு தாளாக விரல் வைத்துப் படித்தேன். நான் நல்லாத்தான் இருக்கேன். நான் நல்லாத்தான் இருக்கேன்.

கடைசி இரண்டு கவர் மேலே இருக்கிற எழுத்து உன்னுடையது இல்லை. கடைசிக் கடிதமே உன் எழுத்து இல்லை, கையெழுத்து மட்டும்தான் உன்னுடையது. போனில் உன் குரலைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. வியாழக்கிழமை தவிர எல்லா நாளும் பட்டறையில் இருப்பாய் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய்.

வியாழக்கிழமை நீ எங்கே போகிறாய்?

உங்கள் அப்பா. உன் அண்ணன். நான் அஞ்சாம் வகுப்புத்தான், ஆனால் இந்தப் பாடத்தில் ஒரு தடவை பெயில் ஆனவள். மறுபடியும் அதே பரீட்சையை எழுத என்னால் முடியாது.

கடையை ஒரு மாதம் சாத்தப் போகிறேன். ஓட்டலுக்கு முன்கூட்டியே துண்டு போட்டுக் கொடுத்தாயிற்று. ஊதா நூலில் ஒரு போர்வைக்குக் கரை போட்டிருக்கிறேன், மூலையில் ஸ்க்ரூ என்று பெயரும் உண்டு. அசிங்கமாக இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. மாதக் கடைசி வியாழன் அங்கே இருப்பேன். பதில் வந்தாலும் வருவேன், வராவிட்டாலும் வருவேன்.

ஆனாலும் ஒரு வரி எழுது. எது வேண்டுமானாலும் எழுது, அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம்.

அண்ணி


ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கோணல் எழுத்து என்னுடையதுதான். நாலு தாள் கிழித்த பிறகு இது ஐந்தாவது.

வியாழன் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை. இரண்டாம் மாடி, ஜன்னலோர நாற்காலி. வாசலில் நூல்கடை எதுவும் கிடையாது. நேராக உள்ளே வந்துவிடலாம்.

கிளம்பும் முன் பிரிண்டரில் நாலு நிறமும் ஒரு தாள் ஓட்டிவிடுங்கள். ஒரு மாதம் சும்மா கிடந்தால் மை உண்மையாகவே காய்ந்துவிடும். அடியில் எதுவும் எழுத வேண்டாம்.

நான் நல்லா இல்ல அண்ணி.

ஸ்க்ரூ